மேடு இல்லாத ஊரில் மீட்டர் அண்ணன்

தஞ்சாவூர் சீமையில் எதையும் நம்பாத மனுஷர் ஒருத்தர்தான் உண்டு. மீட்டர் அண்ணன். மழை பெய்கிறது என்று சொன்னால் கையை வெளியே நீட்டிப் பார்ப்பார். கை நனைந்த பிறகும், "எவ்ளோ பெய்யுது?" என்று கேட்பார்.

அவருக்கு வேறு பெயர் இருக்கும். ஆதார் அட்டையில் இருக்கும். ஊரில் யாருக்கும் தெரியாது. குடவாசல் ரோட்டில் தகரக் கொட்டகை. டீசல் வண்டி வேலை. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் ஒரு உருகிப்போன பிஸ்டன் கயிற்றில் தொங்கும். புதிதாக வருகிறவர்கள் திருஷ்டிக்குக் கட்டியிருக்கிறார் என்று நினைப்பார்கள்.

"திருஷ்டிக்கு இல்லீங்க. புத்திக்கு" என்பார்.

முள் ஆடினால்தான் அவருக்கு உண்மை. வீட்டுக் குக்கர் மூடியில் ஒரு பிரஷர் மீட்டரைப் பொருத்தியிருந்தார். அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா தரங்கம்பாடிக்காரர். பேச அஞ்சாதவர்.

"எங்கம்மா மூணு விசிலுன்னு சொல்லிக் குடுத்தாங்க. கல்யாணம் ஆனதுலேர்ந்து சோறு நல்லாத்தான் வேகுது. இப்ப எதுக்குங்க இது?"

"விசிலுங்கறது காதால கேக்குறது ஸ்டெல்லா. முள்ளு கண்ணால பாக்குறது."

அன்றைக்குச் சோறு கஞ்சியாக வந்தது. எனக்கும் ஒரு தட்டு கிடைத்தது. அண்ணன் கஞ்சியைக் குடித்துக்கொண்டே, "முள்ளு சரியாத்தான் நின்னுச்சு" என்றார்.

டீக்கடையில் கிளாஸுக்குள் தெர்மாமீட்டர் விடுவார். முதல் நாள் டீக்கடைக்காரர் கேட்டார்.

"அண்ணே, அது இஞ்சின்ல விட்டதா?"

"தொடச்சிட்டேன்."

மறுநாளிலிருந்து அவருக்குத் தனி கிளாஸ்.

சர்ச்சில் மைக் செட்டுக்குப் பக்கத்தில்தான் உட்காருவார். அதில் ஒரு முள் உண்டு. போதகர் அன்பைப் பற்றிப் பேசும்போது முள் பாதியில் நிற்கும். நரகத்துக்கு வரும்போது சிவப்புக்குப் போகும். அண்ணன் எழுந்து போய் திருகைக் குறைத்துவிட்டு வந்து உட்காருவார். சபையில் பாதிப் பேருக்கு நரகத்தைப் பற்றி ஒன்றும் தெரியாமல் போனதற்கு இவர்தான் காரணம்.

நான் அவரிடம் போனது என் வண்டிக்காக.

என்னுடையது பழைய பிக்கப். டர்போ வைத்த டீசல் இஞ்சின். தரங்கம்பாடியில் ஒரு மீன் வியாபாரி வைத்திருந்தது. வாங்கி வந்து சோப்புப் போட்டுக் கழுவினேன். சீயக்காய் போட்டுக் கழுவினேன். மஞ்சள் கூடப் போட்டேன். வெயில் ஏறினால் கருவாடு மணக்கும். எங்கே நிறுத்தினாலும் அடியில் நாலு பூனை படுத்திருக்கும். லோடுமேன்கள் ஏறும்போதே, "என்னண்ணே, கொழம்பு கொதிக்குதா?" என்பார்கள்.

மணம் பரவாயில்லை. வண்டிக்குப் பலம் இல்லை. அதுதான் தொல்லை.

நம் பக்கம் மேடு கிடையாது. எல்லாம் வயல். கண்ணுக்கு எட்டிய தூரம் தட்டு மாதிரி இருக்கும். ரயில்வே மேம்பாலம் ஒன்றுதான் மலை. ஆனால் வேலாயுதம் ஐயாவின் வயல் ஆற்றுக்கரைக்குக் கீழே இருக்கிறது. அங்கே விளைகிற நெல் எல்லாம் ஒரே ஒரு சரிவு வழியாகக் கரை மேல் ஏறித்தான் கொள்முதல் நிலையத்துக்குப் போக வேண்டும். செங்குத்தான சரிவு. உச்சியில் ஒரு வளைவு. டிராக்டர் பெட்டி அதில் திரும்பாது. பிக்கப்தான் போகும்.

ஒவ்வொரு அறுப்புக்கும் அந்த வாடகை எனக்குத்தான். வண்டியின் வருஷ வரும்படி அதுதான். மற்றபடி கல்யாணத்துக்கு நாற்காலி, கடைக்குத் தகரம். அதெல்லாம் டீசலுக்கே சரியாகப் போகும்.

போன தை அறுப்பில் வண்டி பாதி மேட்டில் நின்றுவிட்டது. லோடுமேன்கள் இறங்கித் தள்ளினார்கள். மறுபடி பாதியில் நின்றது. மூட்டைகளை இறக்கித் தலையில் சுமந்து ஏற்றினார்கள். பூனைகள் கரை மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன.

வேலாயுதம் ஐயா நல்லவர். கத்தமாட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"செல்வம், குறுவை அறுப்பு மழையோட வரும். நெல்லு நனைஞ்சா ஈரம்னு திருப்பிடுவாங்க. உன் வண்டி ஏறலைன்னா நான் கும்பகோணத்து வண்டிக்குச் சொல்லிடுவேன். கோச்சுக்காத."

"சரிங்க" என்றேன்.

அந்த வாடகை போனால் வண்டியை வைத்துக்கொண்டு பிரயோசனம் இல்லை. காயலான் கடைக்காரர் ஏற்கெனவே ஒரு தடவை வண்டியைச் சுற்றி வந்து டயரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

என் மனைவியின் தம்பி குமார் வந்தான். அவன் கையில் எப்போதும் போன். போனில் எப்போதும் வீடியோ. யாரோ ஒரு ஆள் ஏதோ ஒரு நாட்டில் பிக்கப்பைக் கரும்புகை கக்கவிட்டு மலை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒண்ணும் கெடையாது. டீசல் பம்புல ஒரு ஸ்க்ரூ இருக்கு. அதை ரெண்டு சுத்து சுத்தினா டீசல் கூடப் போகும், வண்டி பறக்கும்."

"பறக்க வேணாம். ஏறினா போதும்."

"ஸ்பேனர் இருக்கா?"

"மாப்ள, கை வைக்காத. மீட்டர் அண்ணன்கிட்ட போவோம்."

போனோம். அண்ணன் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து காற்றடிக்கும் பம்பின் முள்ளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. முகர்ந்தார்.

"மீன் வண்டியா?"

"நெல்லு வண்டிண்ணே. முன்னால மீன் வண்டி."

"என்ன வேணும்?"

"பலம்."

"நம்ம ஊர்ல பலத்தை வச்சிக்கிட்டு என்ன பண்ணுவ? மேடே இல்லையே."

ஆற்றுக்கரைச் சரிவைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

"நிறுத்தினா நிக்குமா?"

"ஏறவே மாட்டேங்குதுண்ணே. அப்புறம் எங்க நிறுத்துறது?"

"நிக்கத் தெரியாத வண்டிக்கு நான் ஓடக் கத்துக் குடுக்க மாட்டேன் தம்பி."

உள்ளே போனார். தன் டிபன் கேரியரை எடுத்து வந்தார். ரோட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். கோட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கேரியரை வைத்தார்.

"வேகமா வா. கோட்டுல பிரேக் அடி. கேரியர் மேல படக் கூடாது."

"அண்ணே, அதுல சாப்பாடு இருக்கு."

"இருக்கட்டும். அப்பதான் ஒழுங்கா அடிப்ப."

ஒழுங்காகத்தான் அடித்தேன். சாம்பார் ரோட்டில் ஓடியது. அண்ணன் குனிந்து டேப் வைத்து அளந்தார். ஸ்டெல்லா அக்கா வாசலுக்கு வந்தார்.

"ஏங்க, வைக்கிறதுக்கு வேற ஒண்ணும் கெடைக்கலையா உங்களுக்கு?"

"கல்லு வச்சா பயம் வராது ஸ்டெல்லா."

"அதான் உங்களுக்குப் பசி வரும். போங்க."

அண்ணன் அன்று டீயோடு சமாளித்தார். என் வண்டிக்குப் பலம் ஏற்றும் வேலை பிரேக்கிலிருந்து தொடங்கியது. முன்னால் பிரேக் கட்டை மாற்றினார். பின்னால் டிரம்மைக் கழற்றினார். எண்ணெய் போகிற குழாய் எல்லாம் புதிது. கேரியருக்கு ஒரு நசுங்கல் கூட இல்லாமல் நின்ற பிறகுதான் அடுத்த வேலை.

அடுத்தது ரேடியேட்டர். "பலம் கூடினா சூடு கூடும். சூடு போறதுக்கு வழி வேணும்" என்றார். கழற்றினார். அதற்கு முன்னால் சல்லடை மாதிரி இன்னொரு ஜாலி இருந்தது. டர்போ அமுக்குகிற காற்று சூடாக வரும். அதைக் குளிர வைக்கிற ஜாலி. அதில் காற்றுப் போக இடமே இல்லை. ஒரு பாதி வைக்கோல் தூசி. மறு பாதி பளபளவென்று மின்னியது.

அண்ணன் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"செதில். பாறை மீனு."

ஸ்டெல்லா அக்கா வாங்கிப் பார்த்தார்.

"பாறைக்கு ஏதுங்க இவ்ளோ பெரிய செதில்? இது கொடுவா."

"பாறை."

"கடக்கரையில பொறந்தது நீங்களா நானா?"

அண்ணன் முதல் தடவையாக மீட்டர் இல்லாமல் ஒரு விஷயத்தை ஒத்துக்கொண்டார். கொடுவா என்றே முடிவானது. அந்த ஜாலியைக் கழுவியதில் அன்று மாலை கொட்டகைக்கு எல்லாத் தெருப் பூனையும் வந்துவிட்டது.

பிறகு கிளட்ச். பிறகு இஞ்சின் எண்ணெய். குமார் பொறுமை இழந்தான்.

"மாமா, இவரு வண்டிக்குப் பலம் ஏத்துறாரா, வண்டிக்குக் கல்யாணம் பண்றாரா?"

அண்ணனுக்குக் கேட்டுவிட்டது.

"தம்பி, போன்ல பாக்குறீங்களே, அந்த ஆளு மலை மேல ஏறுனதைக் காட்டுறான். எறங்குனதைக் காட்டுறானா?"

குமார் போனைப் பார்த்தான். வீடியோ மலை மேலேயே முடிந்திருந்தது.

காற்று வடிகட்டியைத் தட்டினோம். அரை மரக்கால் பதர் கொட்டியது. டர்போவிலிருந்து இஞ்சினுக்குப் போகிற ரப்பர் குழாயில் அண்ணன் காற்றைக் கொடுத்து, மேலே சோப்புத் தண்ணீரைத் தடவினார். ஒரு இடத்தில் நுரை பூத்துக்கொண்டு வந்தது. மீன்காரர் அங்கே குழாய் கிழிந்திருந்ததை சைக்கிள் டியூப் சுற்றிக் கட்டியிருக்கிறார். டர்போ அமுக்கி அனுப்புகிற காற்றில் பாதி அந்த வழியாகவே வெளியே போயிருக்கிறது. இத்தனை நாளும் என் வண்டி ரோட்டுக்குக் காற்றடித்துக்கொண்டு போயிருக்கிறது.

"உன் வண்டிக்குப் பலம் குறையல தம்பி. மூச்சு முட்டுது" என்றார்.

புதுக் குழாய் போட்டு ஓட்டிப் பார்த்தேன். வேறு வண்டி மாதிரி இருந்தது. மேம்பாலத்தில் கியர் குறைக்காமல் ஏறினேன். எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் குமார் கொஞ்சம் வருத்தமாக இருந்தான். ஸ்க்ரூவைத் தொடாமலே ஏறிவிட்டதில் அவனுக்கு ஏமாற்றம்.

"இதுவே போதும்ணே" என்றேன்.

"வெறும் வண்டில சொல்ற. பாரம் ஏத்திச் சொல்லு."

அதற்குப் பிறகுதான் மீட்டர் வந்தது. இரண்டு. டேஷ்போர்டில் என் கண்ணுக்கு நேராகப் பொருத்தினார். ஒன்று டர்போ காற்றின் அழுத்தம். இன்னொன்று புகையின் சூடு. சூட்டு மீட்டரின் கண்ணாடியில் ஒரு சிவப்புக் கோடு போட்டார். பெயின்ட் இல்லை. ஸ்டெல்லா அக்காவின் நகப்பாலிஷ்.

"என் விரல்ல இருக்குறதை விட ஊர் வண்டில இருக்குறது அதிகம்" என்றார் அக்கா.

அண்ணன் என்னை உட்கார வைத்துச் சொன்னார்.

"இந்த முள்ளு காத்து. இந்த முள்ளு சூடு. சூட்டு முள்ளு சிவப்பைத் தொட்டா காலை எடு. யார் மிதிங்கன்னாலும் எடு. நான் மிதின்னாலும் எடு. மேட்டுலேர்ந்து எறங்கி வந்து சாவியைத் திருப்பறதுக்கு முன்னால கொஞ்ச நேரம் சும்மா ஓட விடு. டர்போ சூடா இருக்கும்போது கழுத்தை நெரிக்காத."

கடைசியில் பம்பின் ஸ்க்ரூ. குமார் பக்கத்தில் வந்து நின்றான். அண்ணன் ஸ்க்ரூ டிரைவரை வைத்தார். மூச்சைப் பிடித்தார். எடுத்துவிட்டார்.

"திருப்புங்கண்ணே" என்றான் குமார்.

"திருப்பிட்டேன்."

"எங்க? அசையவே இல்லியே?"

அண்ணன் எழுந்து போய் வாசலில் தொங்கிய பிஸ்டனைக் காட்டினார்.

"வலங்கைமான்காரர் ஒருத்தர். அவரும் இதே மாதிரி டெம்போ வச்சிருந்தாரு. யாரோ ரெண்டு சுத்து சுத்தி விட்டுட்டான். கல்யாணத்துக்குப் பாத்திரம் ஏத்திக்கிட்டு மேம்பாலத்துல ஏறுனாரு. பின்னால மாப்பிள்ளை கார். முன்னால இவரு. போட்ட டீசல் எரியறதுக்குக் காத்து இல்ல. அவ்வளவும் புகை. மாப்பிள்ளை ஜன்னலைத் தெறந்து வச்சிருந்தாரு. மண்டபத்துல எறங்குறப்ப பொண்ணு வீட்டுக்காரங்க, மாப்பிள்ளை எங்கன்னு மாப்பிள்ளைகிட்டயே கேட்டாங்க."

"அப்புறம்?"

"கல்யாணம் நடந்துச்சு. இஞ்சின்தான் போச்சு. அதோட பிஸ்டன்தான் இது."

குமார் பிஸ்டனின் குழியில் விரல் விட்டுப் பார்த்தான். அதற்கப்புறம் அவன் ஸ்க்ரூவைப் பற்றிப் பேசவில்லை.

பாரம் ஏற்றிப் பார்க்க வேண்டும். நெல் அறுப்புக்கு இன்னும் நாள் இருந்தது. அண்ணனுக்கு உத்தேசம் பிடிக்காது. உண்மையான மேடு வேண்டும். உண்மையான எடை வேண்டும். வேலாயுதம் ஐயாவின் வரப்போரக் களிமண்ணைச் சாக்கில் அள்ளி, ரைஸ் மில் தராசில் ஒவ்வொரு மூட்டையாக நிறுத்தார். நெல் மூட்டைக்குச் சரியாக இருக்கும்வரை சேற்றைப் பிடி பிடியாகப் போட்டார், எடுத்தார். மில்லுக்காரர் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏற்றினோம். கரைச் சரிவில் ஏறினேன். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து முள்ளைப் பார்த்தார். குமார் பின் டயருக்குப் பக்கத்தில் கட்டையோடு நடந்தான். வண்டி பின்னால் வந்தால் டயருக்கு அடியில் போட வேண்டிய முக்கோணக் கட்டை. மேலே போய்த் திரும்பி இறங்கினோம். மறுபடி ஏறினோம். மறுபடி இறங்கினோம்.

காவிரித் தண்ணீர் பாய்கிற ஊரில், பட்டப்பகலில், ஆற்றுக்கரையில், சாக்கு மூட்டை ஏற்றிய பிக்கப் போவதும் வருவதுமாக இருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. யாரோ போன் பண்ணிவிட்டார்கள். ஏட்டு பைக்கில் வந்து குறுக்கே நிறுத்தினார்.

"எறங்கு. என்ன லோடு?"

"மண்ணுங்க சார்" என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன். அதுதான் வினையாகிவிட்டது. ஏட்டு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பின்னால் ஏறினார். ஒரு மூட்டையைப் பிரித்தார். கையை விட்டார். கை கறுப்பாக வெளியே வந்தது. இன்னொரு மூட்டை. அதுவும் அப்படித்தான்.

"என்னய்யா இது? சேறு."

"ஆமாங்க சார்."

"சேத்தை எவன்யா கடத்துவான்?"

"கடத்தல சார். மேல கொண்டு போறோம். கீழ கொண்டு வர்றோம்."

"அப்புறம்?"

"திரும்ப மேல கொண்டு போறோம்."

ஏட்டு என்னை விட்டுவிட்டு அண்ணனிடம் திரும்பினார். வயசானவர், விவரமாகச் சொல்லுவார் என்று நினைத்திருப்பார்.

"பெரியவரே, எதுக்கு இதெல்லாம்?"

"முள்ளு பாக்கத்தாங்க" என்றார் அண்ணன். பிறகு ஏட்டை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தார். "சார் எடை எவ்ளோ இருப்பீங்க?"

"எதுக்குக் கேக்குறீங்க?"

"ஒரு மூட்டை கம்மியா இருக்கு."

ஜீப் வரும், ஸ்டேஷனுக்குப் போவோம் என்றுதான் நான் நினைத்தேன். ஏட்டு கையை வாய்க்காலில் கழுவினார். மீட்டர் எது என்று கேட்டார். காட்டினோம். முன்னால் ஏறி அண்ணனுக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்தார். மறுபடி ஏறினேன். உச்சி வளைவில் சூட்டு முள் சிவப்புக் கோட்டின் விளிம்பைத் தொட்டது.

"யோவ், தொட்டுடுச்சுய்யா, காலை எடுய்யா" என்று ஏட்டுதான் கத்தினார்.

இறங்கும்போது அவருக்கு ஒரே சந்தோஷம். தன் பைக்குக்கு ஒன்று மாட்ட முடியுமா என்று கேட்டார். அண்ணன் பைக்கைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "மொதல்ல பிரேக்கைப் பாக்கணும் சார்" என்றார். ஏட்டு அவசரமாகக் கிளம்பிவிட்டார்.

சூட்டு முள் சிவப்பைத் தொட்டதால் அண்ணன் ஸ்க்ரூவைக் கொஞ்சம் பின்னால் திருப்பினார். குமாருக்குப் பொறுக்கவில்லை.

"ஏத்துவாருன்னு வந்தா குறைக்கிறாரு மாமா."

"இன்னிக்கு ஏறுனா போதுமா? நாளைக்கும் ஏற வேணாமா?" என்றார் அண்ணன். ஒரு நடைக்கு நாலு மூட்டை குறைத்துத்தான் ஏற்ற வேண்டும் என்றும் சொன்னார். அதைக் கேட்டதும் வேலாயுதம் ஐயா துண்டை எடுத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் முகத்தைத் துடைத்தால் நம்பவில்லை என்று அர்த்தம்.

குறுவை அறுப்பு அவர் சொன்ன மாதிரியே மழையோடு வந்தது. முந்தாநாளே மிஷின் அறுத்து முடித்திருந்தது. நெல் காய்ந்து மூட்டையும் ஆகிவிட்டது. அன்றைக்கு மத்தியானம் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. மூட்டைகள் மேல் தார்ப்பாயை இழுத்துப் போட்டார்கள். காற்று தார்ப்பாயைத் தூக்கித் தூக்கி அடித்தது.

ஐயா சொன்னார்.

"கும்பகோணத்து வண்டி கெளம்பிடுச்சு செல்வம். அது வர்றதுக்குள்ள உன்னுது ஏறுச்சுன்னா இந்த வேலை உன்னுது. இல்லன்னா இந்த வருஷத்தோட சரி. என் நெல்லை நான் பாக்கணும்."

"சரிங்க."

மீட்டர் அண்ணன் வந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. மொபெட்டை ஆலமரத்தடியில் நிறுத்திவிட்டு முன்னால் ஏறிக்கொண்டார். லோடு ஏற்றினார்கள். நாலு மூட்டை குறைவாக. தூறல் விழ ஆரம்பித்தது.

முதல் கியர். வண்டியின் மூக்கைச் சரிவில் வைத்தேன். காற்று முள் எழுந்தது. சூட்டு முள் மெதுவாக நகர்ந்தது. பாதி மேடு. போன தடவை நின்ற இடம். தாண்டினேன். அண்ணன் இரண்டு முள்ளையும் மாற்றி மாற்றிப் பார்த்தபடி இருந்தார்.

வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் காற்று முள் தடாலென்று விழுந்தது. பூஜ்யம்.

குழாய் கழன்றுவிட்டது என்று நினைத்தேன். காற்று போனால் பலம் போகும். பலம் போனால் வண்டி பின்னால் வரும். பின்னால் நெல், அதற்குப் பின்னால் ஆட்கள். கால் தானாக மேலே வந்தது.

அண்ணன் முள்ளைப் பார்த்தார். கண்ணாடியைத் தட்டினார். அசையவில்லை. காதைச் சாய்த்து இஞ்சின் சத்தத்தைக் கேட்டார். வண்டி அதே சத்தத்தில் இழுத்துக்கொண்டிருந்தது. அவர் என் முழங்காலில் கையை வைத்து அழுத்தினார்.

"முள்ளு பொய் சொல்லுது. போ."

அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது என்று ஸ்டெல்லா அக்காவிடம் சொன்னால் இன்றைக்கும் நம்பமாட்டார். நான் மிதித்தேன். சூட்டு முள் சிவப்புக்குக் கீழேயே நின்றது. வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தேன். முன் சக்கரம் கரை மேல் ஏறியது. பின் சக்கரமும் ஏறியது.

நிறுத்தினேன். கீழே லோடுமேன்கள் விசில் அடித்தார்கள். அண்ணன் இறங்கி பானட்டைத் திறந்தார். மீட்டருக்குப் போகிற மெல்லிய டியூப் மட்டும் கழன்று தொங்கியது. நுனியில் ஒரு ரப்பர் பேண்ட். ஸ்டெல்லா அக்காவின் தலைமுடிக்குப் போடுகிறது. அதை வைத்துத்தான் அண்ணன் கட்டியிருந்தார்.

"யாரு கட்டுனதுண்ணே?" என்றேன்.

"அதை விடு" என்றார். கம்பியால் இறுக்கிக் கட்டினார்.

கொள்முதல் நிலையத்தில் இறக்கிவிட்டு வந்தோம். அடுத்த நடைக்கு அண்ணன் முன்னால் ஏறவில்லை. குமாரின் கையிலிருந்து கட்டையை வாங்கிக்கொண்டார்.

"ஏறுங்கண்ணே. நனையாதீங்க."

"தரை வழுக்கும். நான் கட்டை போடுறேன்."

"நான் போடுறேண்ணே" என்றான் குமார்.

"உனக்கு போன் வந்தா எடுத்துருவ. போ."

அவருக்கு முழங்கால் வலி உண்டு. சர்ச்சில் முழந்தாளிடும்போது பெஞ்சைப் பிடித்துக்கொள்வார். அந்தக் காலோடு ஒவ்வொரு நடைக்கும் பின் டயருக்குப் பக்கத்தில் சரிவு முழுக்க நடந்து ஏறினார். நான் திரும்பிக் காலியாக வரும்போது கீழே தயாராக நிற்பார். தலையில் ஒரு உரச் சாக்கைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு.

கும்பகோணத்து வண்டி வந்து சேர்ந்தது. புதுசு. கழுவித் துடைத்து வந்திருந்தது. வேலாயுதம் ஐயா அந்த டிரைவரிடம், "டீ குடிச்சிட்டுப் போப்பா. இங்க வேலை முடிஞ்சிரும்" என்றார். முகத்தில் மழைத் தண்ணீர் வழிந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

கடைசி நடைக்கு மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் போட்டுக் கட்டினோம். சரிவில் ஏறினேன். இரண்டு முள்ளும் நல்ல இடத்தில் நின்றன. பாதி மேட்டில் கண்ணாடியில் பார்த்தேன். அண்ணன் கட்டையைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். இரண்டு கையாலும் வண்டியின் பக்கப்பலகையைத் தள்ளிக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது. மாட்டை ஓட்டுகிற மாதிரி ஏதோ சொல்லிக்கொண்டு, மொத்த உடம்பையும் கொடுத்துத் தள்ளினார்.

வண்டிக்கு அது தேவையே இல்லை. தானாக ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் மிதித்தால் அவர் கையை விட்டு ஓடிப் போய்விடும்.

நான் மிதியைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன். அவர் தள்ளித்தான் ஏறட்டும் என்று.